ஸ்கேலைக் கையில் எடுங்கள் சார்

ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் கிரிக்கெட் என்றால் துள்ளுகிறார்கள், இயற்பியல் என்றால் தூங்குகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். வீடியோ மட்டும் போடாதீர்கள் சார், அதையும் தூங்கிக்கொண்டேதான் பார்ப்பார்கள், பட்டுத் தெரிந்துகொண்டேன். 30 செ.மீ. ஸ்கேலின் மேல்நுனியைப் பிடித்துக்கொண்டு, கீழே பூஜ்யத்துக்கு நேராக ஒருவனை விரல்களை விரித்து வைக்கச் சொல்லி, சொல்லாமல் கொள்ளாமல் விட்டுவிடுங்கள். 20 செ.மீ.யில் பிடித்தானா? கீழே விழும் பொருளுக்கான சமன்பாட்டில் போட்டால் 0.2 விநாடி, கண் பார்த்துக் கை அசைய அவனுக்கு ஆகும் நேரம் அதுதான். சரி, மணிக்கு 140 கி.மீ. வேகத்தில் வரும் பந்து மட்டையைத் தொடச் சுமார் அரை விநாடிதான், அதில் இந்த 0.2 போனால் மட்டையை வீச மிச்சம் எவ்வளவு என்று கேளுங்கள். என் வகுப்பில் முதலில் நோட்டைத் திறந்தது கடைசி பெஞ்சு. அப்புறம், ஆளுக்கு ஐந்து முறையாவது விடுங்கள், முதல் தடவை எல்லாரும் கோட்டைவிடுவார்கள்.