பழைய மாளிகை ஹோட்டலில் தலைக்கு மேல் காலடிச் சத்தம்

கடைசி மாடியில் அறை கேளுங்கள். “சுவரெல்லாம் ஓவியம், ஆனால் ராத்திரி முழுக்க மேலே யாரோ நடக்கிறார்கள்” என்கிறீர்களே, அதற்குக் காதில் பஞ்சு வைத்தும் பயனில்லை.

காரணம் பெரும்பாலும் மரத்தளம்தான். பல பழைய மாளிகைகளில் உத்திரத்தின் மேல் நேரே பலகை அடித்திருப்பார்கள். சத்தத்தை உறிஞ்ச நடுவில் ஒன்றும் இருக்காது.

அறை மாற்றக் கேட்கும் முன் அண்ணாந்து பாருங்கள். மர உத்திரம் தெரிந்தால் நான் சொன்னதுதான். செங்கல் வளைவுக் கூரை என்றால் சத்தம் பக்கத்து அறையிலிருந்தும் வரலாம். அந்தக் காலத்தில் அறைக்கு அறை கதவு வைத்திருப்பார்கள்; இப்போது அதைப் பூட்டி, அலமாரியையோ பெரிய ஓவியத்தையோ வைத்து மறைத்திருப்பார்கள். பின்னால் எட்டிப் பாருங்கள், கீழ் இடுக்கில் வெளிச்சம் தெரியலாம்.

இன்னொன்று, கடைசி மாடியில் கூரை தாழ்வாக இருக்கலாம், லிஃப்ட் அதுவரை போகாமலும் இருக்கலாம். பெட்டி கனமென்றால் முதலிலேயே விசாரித்துவிடுங்கள்.