வழக்கறிஞர் மீது பார் கவுன்சிலில் யார் புகார் கொடுக்கலாம்?

பார் கவுன்சில் என்பது வழக்கறிஞர்களைப் பதிவு செய்து கண்காணிக்கும் அமைப்பு. அங்கே கட்சிக்காரர், அதாவது அந்த வக்கீலை அமர்த்தியவர்தான் புகார் கொடுக்க வேண்டும் என்று வழக்கறிஞர்கள் சட்டம், 1961 சொல்லவில்லை. பிரிவு 35 "புகார் வந்தாலோ, வேறு வகையிலோ" என்கிறது. அதனால் நீதிபதி எழுதி அனுப்பலாம், புகாரே இல்லாமல் கவுன்சில் தானாகவும் எடுக்கலாம். காரணம் எளிது: இது இருவருக்கிடையிலான வழக்கல்ல, உரிமம் வைத்திருக்க அவர் தகுதியானவரா என்ற விசாரணை. விபத்து செய்த ஓட்டுநரின் லைசென்ஸை ரத்து செய்வதும் அடிபட்டவருக்கு நஷ்டஈடு வாங்குவதும் தனித்தனி வேலை அல்லவா, அப்படி.

எதிர்த்தரப்பு வக்கீல் மீது கோபத்தில் கொடுக்கும் புகார்தான் பெரும்பாலும் தள்ளுபடியாகும். அவர் தன் கட்சிக்காரருக்காக வாதாடியதை வைத்து மற்றவர் கொடுக்கும் தொழில் ஒழுங்கீனப் புகார் பொதுவாக நிற்காது என்று 2025-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

புகார் மனு வடிவில், கையெழுத்தும் உறுதிமொழியும் கட்டணமும் சேர்ந்து இருக்க வேண்டும். போக வேண்டிய இடம் அவர் பதிவு செய்துள்ள மாநிலத்தின் கவுன்சில். மதுரையில் வாதாடினாலும் பதிவு கர்நாடகத்தில் என்றால் அங்கேதான். வக்காலத்தில் (அவரை அமர்த்தக் கையெழுத்திட்ட தாளில்) உள்ள பதிவு எண்ணைப் பாருங்கள். ஃபீஸ் ரசீது, வழக்கு எண், வாய்தா தேதிகள் இணைக்கவும். ஓராண்டில் முடியாவிட்டால் இந்திய பார் கவுன்சிலுக்கு மாறும்.

கண்டிப்பு, தற்காலிகத் தடை, பெயர் நீக்கம், இவைதான் தண்டனைகள். கொடுத்த பணத்துக்கு சிவில் நீதிமன்றம்தான். உச்ச நீதிமன்றத்தின் 2024 தீர்ப்புக்குப் பின் இதற்காக நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாது.

"சமாதானமாகிவிட்டோம், வாபஸ் வாங்கினால் முடிந்தது" என்று பலர் நினைக்கிறார்கள். வாபஸ் ஒன்றை மட்டும் காரணம் காட்டி விசாரணையைக் கைவிட விதிகள் அனுமதிப்பதில்லை.