அப்பா காப்பி எஸ்டேட்டில் எதையும் மாற்ற விடுவதில்லை. எங்கே தொடங்குவது?

கேள்வி: கீழ்ப்பழனி மலையில் எங்களுக்கு 24 ஏக்கர் காப்பித் தோட்டம் இருக்கிறது. நிழல் மரங்களில் பாதியை எடுத்துவிட்டு வெண்ணெய்ப்பழம் நட வேண்டும், சுற்றுலாப் பயணிகளுக்கு இரண்டு குடில்கள் கட்ட வேண்டும், காப்பியை எங்கள் பெயரிலேயே விற்க வேண்டும் என்பது என் திட்டம். அப்பா மூன்றுக்கும் தலையாட்ட மறுக்கிறார். என்ன செய்யலாம்?

பதில்:

காப்பியைச் சொந்தப் பெயரில் விற்பதை இந்தப் பறிப்பிலேயே தொடங்கலாம். குடில்களைச் சில ஆண்டுகள் தள்ளிப் போடுங்கள். மரம் எடுக்கும் எண்ணத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். நானும் இதே மலையில் பிறந்தவள். எங்கள் வீட்டிலும் இந்தச் சண்டை நடந்தது. வேலையை விட்டுவிட்டு ஊர் திரும்பிய மகள் ஒரு பக்கம், தோட்டத்தை விட்டு ஒரு வாரம்கூட வெளியே தங்கியிராத அப்பா மறுபக்கம். அந்த அனுபவத்திலிருந்துதான் இந்த வரிசையைச் சொல்கிறேன்.

முதலில் மரம். உங்களிடம் இருப்பது அராபிகா வகைக் காப்பி என்றால், அதன் பெரிய எதிரி வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்ற வண்டு. ஏப்ரல், மே மாதங்களிலும், மறுபடி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலும் வண்டு வெளியே வரும். வெயில் படும் தண்டாகப் பார்த்துப் பட்டை வெடிப்பில் முட்டையிடும். புழு தண்டுக்குள் போய்விட்டால் மருந்து எட்டாது. செடியைப் பிடுங்கி எரிப்பதைத் தவிர வேறு வழியில்லை. இந்த வண்டைத் தடுப்பதில் நிழலுக்கு ஈடானது எதுவும் இல்லை என்பதை உங்கள் அப்பா புத்தகம் படித்துத் தெரிந்துகொண்டிருக்க மாட்டார், செடிகளைப் பறிகொடுத்துத் தெரிந்துகொண்டிருப்பார். நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரத்தை வெட்டினால் அதில் ஏறியிருக்கும் மிளகுக் கொடியும் போய்விடும். காப்பி விலை விழுந்த வருடங்களில் இந்த மலையில் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிந்தது மிளகால்தான். சட்டமும் குறுக்கே நிற்கிறது. 1955-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் அமலில் உள்ள இடங்களில், சொந்தப் பட்டா நிலத்தில் நிற்கும் மரத்தைக்கூட அனுமதியில்லாமல் வெட்ட முடியாது. ஈட்டி மரத்துக்கு 1994-இல் தனிச் சட்டமே வந்தது. வெண்ணெய்ப்பழம் வேண்டுமென்றால் பழைய மரம் விழுந்த இடைவெளிகளில் நடுங்கள். அது நன்றாக வரும், அப்பாவும் மறுக்க மாட்டார்.

இனி அப்பாவின் பயத்துக்கு வருகிறேன். அதைப் பிடிவாதம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். எங்கள் தாத்தா காலத்தில் காப்பிக்கு நடுவே கமலா ஆரஞ்சும் மலைவாழையும் காய்த்துக் குலுங்கின. வீட்டுக் கல்யாணங்களையே வாழைப் பணத்தில் நடத்தினார்கள் என்று அத்தை சொல்வார். ஆரஞ்சு நோயில் பட்டுப்போனது. வாழையை 1970-களில் முடிக்கொத்து நோய் துடைத்தெடுத்தது. விருப்பாட்சி மலைவாழைக்கும் சிறுமலை மலைவாழைக்கும் 2008-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது, அந்தப் பெருமையைக் கொண்டாட எங்கள் தோட்டத்தில் ஒரு தார்கூட இல்லை.

காப்பியின் கதையும் அப்பாக்களின் தலைமுறையை அப்படித்தான் பழக்கியது. 1942-ஆம் ஆண்டுக் காப்பிச் சட்டத்தின்படி விளைச்சலை மத்திய அரசின் காப்பி வாரியத்தின் பொதுக் குவியலில் சேர்க்க வேண்டியிருந்தது. வாரியம் விற்றுத் தவணை தவணையாகப் பணம் தரும். நம் பழம் எவ்வளவு ருசியாக இருந்தாலும் போய்ச் சேர்வது அதே குவியலில்தான். அரை நூற்றாண்டு அப்படிப் பழகியவர்களிடம் போய், 'நம் காப்பிக்குத் தனி மணம் இருக்கிறது, தனி விலை கேட்கலாம்' என்றால் எப்படி நம்புவார்கள்? 1990-களில் கட்டுப்பாடு படிப்படியாகத் தளர்ந்து 1996-இல் முழுவதும் நீங்கியது. அதற்குச் சற்று முன்னால், 1994-இல் பிரேசிலில் விழுந்த உறைபனியால் உலக விலை எகிறியிருந்தது. அந்த உற்சாகத்தில் கடன் வாங்கிப் புதுச் செடி நட்டவர்கள் பலர். பிறகு வியட்நாம் காப்பி சந்தையில் வந்து குவிந்தது. 2001-இல் நியூயார்க் சந்தையில் காப்பி விலை பவுண்டுக்கு 50 சென்டுக்கும் கீழே போனது. பறிகூலிக்குக்கூடக் கட்டாமல் பழத்தைச் செடியிலேயே விட்டவர்களை என் சிறு வயதில் பார்த்திருக்கிறேன். உங்கள் அப்பாவும் பார்த்திருப்பார். புதிய திட்டம் என்று நீங்கள் வாயைத் திறந்ததும் அவர் காதில் விழுவது கடன் என்ற சொல்தான்.

ஆகவே முதலில் ஒரு கணக்கைக் கேளுங்கள். வியாபாரியிடம் எவ்வளவு அட்வான்ஸ் வாங்கியிருக்கிறார்?

பல வீடுகளில் சண்டையின் வேர் இங்கேதான் இருக்கிறது, ஆனால் யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. மழைக்காலத்தில் கையில் காசு இருக்காது. உரம், கவாத்து, களையெடுப்பு என்று செலவு மட்டும் வரிசையாக வரும். வியாபாரி பணம் கொடுப்பார், வட்டி என்று தனியாக எழுதவும் மாட்டார். பறிப்பு வந்ததும் அவருக்குத்தான் காய் போக வேண்டும், விலையைச் சொல்வதும் அவர்தான். அந்தக் குறைந்த விலைக்குள்தான் வட்டி உட்கார்ந்திருக்கிறது. இத்தனையும் தெரிந்திருந்தும் என் அப்பா அவரை விடத் தயாராக இல்லை. அம்மாவை மருத்துவமனையில் சேர்த்த இரவு பணத்தோடு வந்து நின்றவர் அவர்தான். இந்த நன்றியை நான் கொஞ்சமும் மட்டமாகப் பேச மாட்டேன். நீங்களும் பேசாதீர்கள். அந்த மனிதரைத் திருடன் என்று சொன்ன நிமிடமே உங்கள் பேச்சு முடிந்துவிடும்.

நாங்கள் செய்தது இதுதான். உழவர் கடன் அட்டையில் பயிர்க்கடன் எடுத்து, அட்வான்ஸைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தோம். காயில் பெரும்பகுதி அவருக்கே போனது. வீட்டுக்கு அருகிலுள்ள ஒரு துண்டின் விளைச்சலை மட்டும் எங்கள் பெயரில் விற்க எனக்குத் தனியாகக் கொடுக்கும்படி அப்பாவிடம் கேட்டேன். நஷ்டம் வந்தால் என் சேமிப்பிலிருந்து ஈடுகட்டுவதாக எழுதியே கொடுத்தேன். அவர் அந்தத் தாளை வாங்கி மடித்துப் பீரோவில் வைத்துக்கொண்டார். அதன் பிறகு அவர் குரலில் இருந்த காரம் குறைந்தது. 2025 தொடக்கத்தில் அராபிகா விலை பவுண்டுக்கு 4 டாலரைத் தாண்டியது. அப்படி விலை நன்றாக இருக்கும் வருடத்தில் கிடைக்கும் பணத்தைக் குடிலிலும் காரிலும் போடாமல் இந்தப் பழைய அட்வான்ஸைத் தீர்ப்பதில் போடுங்கள்.

அந்தத் துண்டில் என்ன மாற்றுவது? செடியைத் தொட வேண்டாம், பறிப்பையும் உலர்த்துவதையும் மாற்றினால் போதும். பழுத்த பழத்தை மட்டும் பறிக்க வேண்டுமென்றால் ஒரே செடிக்கு மூன்று நான்கு முறை போக வேண்டும். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்துக்கொண்டே 'சிவந்ததை மட்டும் பறியுங்கள்' என்று சொல்வது பறிக்கும் பெண்களின் வயிற்றில் அடிப்பது. நாள் கூலியாக மாற்றுங்கள், அல்லது கிலோ விலையை நன்றாக உயர்த்துங்கள். எங்கள் தோட்டத்தில் என் திட்டத்தை முதலில் நம்பியது ஒரு மூத்த பறிப்புக்காரர்தான். கூலி முறை மாறியதும், பச்சைக் காய் கூடையில் விழாமல் பார்த்துக்கொண்டது அவர். அவர் அப்பாவிடம் சொன்ன ஒரு வார்த்தைக்கு என் பத்து வார்த்தைகளைவிட மதிப்பு இருந்தது. உங்கள் தோட்டத்திலும் அப்படி ஒருவர் இருப்பார். அவருடைய யோசனையை அப்பாவுக்கு முன்பாகக் கேளுங்கள்.

பறித்த பழத்தை மண் களத்தில் கொட்டாமல், கம்பி வலை அடித்த மேடையில் மெல்லிய அடுக்காகப் பரப்பி, அடிக்கடி கிளறி, ஈரப்பதம் 10 முதல் 11 சதவீதம் வரும்வரை உலர்த்துங்கள். அடைமழை நாட்களில் மேலே மூடாக்கு வேண்டும். ஈரப்பதமானி ஒன்று வாங்குங்கள். என் அப்பா காய்ந்த கொட்டையைப் பல்லில் கடித்துப் பார்த்தே பதம் சொல்வார். மானியில் வரும் எண்ணும் அவர் சொல்வதும் நெருங்கி நின்றதைப் பார்த்த பிறகு, மானியை அவரே கேட்டு வாங்கிப் பயன்படுத்தத் தொடங்கினார். பழத்தைத் தோல் நீக்கிக் கழுவி, உள்ளோட்டோடு உலர்த்திப் பார்ச்மென்டாக்கும் முறைக்கு இப்போதே போகாதீர்கள். அதற்குத் தண்ணீர் அதிகம் வேண்டும், கழிவுநீர் ஓடையில் இறங்கினால் கீழே இருக்கும் ஊர்கள் குடிப்பது அதைத்தான். இந்த ஒன்றில் அப்பா 'வேண்டாம்' என்றால் அது முழுக்க நியாயம். கீழ்ப்பழனி மலையிலேயே, தாண்டிக்குடியில் காப்பி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அப்பாவையும் கூட அழைத்துக்கொண்டு போங்கள், பேச்சை அவர்களோடு அவரே நடத்தட்டும்.

உங்கள் கேள்வியில் இல்லாத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். உங்களுக்கு அக்கா, தங்கை இருக்கிறார்களா? பூர்வீகச் சொத்து என்றால் அவர்களுக்கும் சம பங்கு உண்டு. தமிழ்நாட்டில் 1989-இல் வந்த திருத்தம் அப்போது திருமணமாகாத மகள்களுக்கு அந்த உரிமையைத் தந்தது. 2005-இல் மத்தியச் சட்டம் எல்லா மகள்களுக்கும் தந்தது. 2005-இல் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற அவசியமில்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. 'மகன் எல்லாவற்றையும் தன் பெயருக்கு இழுக்கிறானோ' என்ற சந்தேகமும் உங்கள் அப்பாவின் மறுப்புக்குள் இருக்கக்கூடும், அதை அவர் முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார். உடன்பிறந்தவர்கள் எல்லோரையும் உட்காரவைத்து, யார் பணம் போடுகிறார்கள், லாபம் எப்படிப் பிரியும், பாகம் பிரிக்கும்போது புதிதாகக் கட்டியவற்றுக்கு என்ன கணக்கு என்று எழுதிக் கையெழுத்து வாங்கிய பிறகு செலவு செய்யுங்கள். மகளாக இருந்துகொண்டு இதைச் சொல்கிறேன். என் அத்தைக்கு எங்கள் தோட்டத்திலிருந்து வருடத்துக்கு ஒரு மூட்டை காப்பியைத் தவிர வேறு எதுவும் போனதில்லை. அந்த வருத்தம் எங்கள் குடும்பத்தில் இன்றும் ஆறவில்லை.

குடில்கள் பற்றிச் சுருக்கமாக. மலைக் கிராமங்களில் கட்டுமானத்தைக் கட்டுப்படுத்தும் அரசு அமைப்பான மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் உங்கள் கிராமம் இருந்தால், கட்டுமானத்துக்குத் தனி அனுமதி வேண்டும். அனுமதி கையில் வரும் முன்பு ஒரு செங்கல்கூட இறக்காதீர்கள். காப்பி தன் காலில் நின்ற பிறகு இதைப் பேசலாம், அதற்குள் உங்கள் அப்பாவே இடம் காட்டவும் கூடும்.

பறிப்பு கார்த்திகையில் சூடு பிடிக்கும். ஐப்பசிக்குள் அட்வான்ஸ் கணக்கைப் பார்த்து, துண்டு எது என்று அப்பாவோடு நடந்து முடிவு செய்து, மேடைக்கு மூங்கிலும் வலையும் வாங்கி வைத்துவிடுங்கள். மூங்கிலை எப்போது வெட்டினால் உளுத்துப்போகாமல் நிற்கும் என்பதை அவரிடமே கேளுங்கள்.