செம்பனை எண்ணெய் விலை ஏறும்போது தோட்டக் கம்பெனிப் பங்குகளை வாங்கலாமா?

"செம்பனை எண்ணெய் (பாமாயில்) விலை ஏறுகிறது, கையில் கொஞ்சம் சேமிப்பு இருக்கிறது, தோட்டப் பங்குகளில் போட்டால் லாபம் வருமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இதைப் படித்துவிட்டு என்னால் சும்மா கடந்து போக முடியவில்லை. 2022 ஏப்ரலில் இதே கேள்வியை எனக்கு நானே கேட்டு, நானே தப்பான பதிலும் சொல்லிக்கொண்டவன் நான்.

உங்களுக்கு முப்பது, முப்பத்தைந்து வயது இருக்கும், மாதச் சம்பளம் தவறாமல் வருகிறது, அந்தச் சேமிப்பு வீட்டு முன்பணத்துக்கோ பிள்ளை படிப்புக்கோ வைத்தது என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். அப்படி இல்லையென்றால் மன்னிக்கவும்.

நான் முதலீட்டு ஆலோசகர் இல்லை. மலேசியாவில், பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன். ஆனால் பிறந்து வளர்ந்தது எதிரே பெருநிலத்தில் நிபோங் திபால் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் குடியிருப்பில். அப்பா முதலில் பால்மரம் வெட்டினார் (ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுப்பது), அந்த மரத்தை அழித்துச் செம்பனை போட்ட பிறகு குலை வெட்டினார், கடைசிப் பத்து வருடம் மண்டோராக, அதாவது தொழிலாளர்களை மேய்க்கும் மேற்பார்வையாளராக இருந்தார். அதனால் "பங்குச் சந்தை பற்றி உனக்கென்ன தெரியும்" என்று கீழே வந்து கேட்பவர்கள் தாராளமாகக் கேட்கட்டும், செம்பனை பற்றி எங்கள் வீட்டில் கொஞ்சம் தெரியும். அந்தத் தெரிந்த விஷயத்தை நான் காதில் போட்டுக்கொள்ளாததுதான் கதை.

2020 மே மாதம் கச்சா செம்பனை எண்ணெய் டன் 2,000 ரிங்கிட் அளவில் கிடந்தது. 2022 பிப்ரவரி கடைசியில் உக்ரேன் போர் தொடங்கியதும், அந்தப் பக்கத்திலிருந்து வரும் சூரியகாந்தி எண்ணெய் நின்றுபோய், எல்லோரும் செம்பனை எண்ணெய்க்கு ஓடி வந்தார்கள். மார்ச்சில் விலை 7,000-ஐத் தாண்டியது. வேலை இடத்தில் சாப்பாட்டு நேரம் முழுக்க இதே பேச்சு. போனைத் திறந்தால் இதே பேச்சு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் சொன்னேன், "அப்பா, செம்பனை ஏழாயிரம் போயிருச்சு, தோட்டக் கம்பெனிக்கு இனி நல்ல காலம்தான்." அவர் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "இந்த மாசம் மரத்துல என்னடா இருக்கு? அப்படியே இருந்தாலும் வெட்ட ஆள் எங்க இருக்கான்?" என்றார். வயசானவர் ஏதோ சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு இன்றுவரை உறுத்துவது நட்டத்தைவிட அதுதான்.

அவர் கேட்ட இரண்டு கேள்விக்குள் எல்லாமே இருந்தது. நம் நாட்டில் குலை அதிகமாக வருவது செப்டம்பர், அக்டோபர் வாக்கில். பிப்ரவரி, மார்ச்சில் விளைச்சல் குறைவு. சரக்கு குறைவாக இருக்கிற மாதத்தில் விலை ஏறினால், அந்த விலைக்கு விற்கக் கம்பெனியிடம் இருப்பதும் குறைவாகத்தான் இருக்கும். ஒரு பகுதியை ஏற்கெனவே பழைய விலைக்குப் பேசி விற்றும் வைத்திருப்பார்கள். அப்புறம் ஆள். தொற்றுக் காலத்தில் வெளிநாட்டுத் தொழிலாளர் வரவு நின்றுபோயிருந்தது. செம்பனையில் பத்து, பதினைந்து நாளுக்கு ஒரு முறை அதே மரத்துக்குத் திரும்பி வர வேண்டும். வராவிட்டால் பழம் கனிந்து உதிர்ந்துவிடும். வெட்டிய குலையையும் ஒரு நாளுக்குள் ஆலையில் சேர்க்காவிட்டால் எண்ணெயில் புளிப்பு ஏறிவிடும். இத்தனைக்குப் பிறகும் நூறு கிலோ குலையில் எண்ணெய் இருபது கிலோதான் தேறும்.

செலவும் சேர்ந்து ஏறியது. செம்பனைக்குப் பொட்டாஷ் உரம் நிறைய வேண்டும். அது பெரும்பாலும் ரஷ்யா, பெலாரஸ், கனடா பக்கமிருந்து வருவது. எந்தப் போர் எண்ணெய் விலையை ஏற்றியதோ அதே போர் உர விலையையும் ஏற்றியது. இடத்தைப் பொறுத்து 1,100, 1,200 ரிங்கிட் என்று இருந்த குறைந்தபட்சச் சம்பளம் அந்த ஆண்டு மே 1 முதல் 1,500 ரிங்கிட் ஆனது. தொழிலாளிக்கு வர வேண்டிய பணம் அது, அதில் எனக்குக் கடுகளவும் குறை இல்லை, ஆனால் பங்கு வாங்குகிறவன் அதையும் கணக்கில் எடுத்திருக்க வேண்டும். அப்போது தீபகற்ப மலேசியாவில் விலை 3,000 ரிங்கிட்டைத் தாண்டினால், தாண்டிய தொகையில் 3 விழுக்காடு அதிலாபத் தீர்வை இருந்தது, கச்சா எண்ணெய்க்கு ஏற்றுமதி வரி 8 விழுக்காடு இருந்தது. ஆகச் செய்தியில் வந்த 7,000 வேறு, கம்பெனி கைக்கு வந்தது வேறு.

இதையெல்லாம் நான் தெரிந்துகொண்டது பணம் போன பிறகு. பணம் எது என்றும் சொல்லிவிடுகிறேன். அந்த ஏப்ரலில் இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பணத்திலிருந்து சிறப்பு மீட்பாக 10,000 ரிங்கிட் எடுக்க அரசாங்கம் அனுமதித்தது. விண்ணப்பித்தேன். 20-ஆம் தேதிக்கு மேல் கணக்கில் ஏறத் தொடங்கியது. 22-ஆம் தேதி வெள்ளிக்கிழமை, இந்தோனேசியா எண்ணெய் ஏற்றுமதியை நிறுத்தப் போவதாக அறிவித்தது. உலகச் செம்பனை எண்ணெயில் ஏறக்குறைய 85 விழுக்காடு அவர்களும் நாமும் எடுப்பதுதான். அவர்கள் கதவை மூடினால் வாங்குகிறவன் நம்மிடம் வந்துதானே ஆக வேண்டும்? சனி, ஞாயிறு தூக்கமே இல்லை. திங்கள் காலை சந்தை திறந்ததும் முழுப் பத்தாயிரத்தையும் ஒரே தோட்டக் கம்பெனியில் போட்டேன். எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள், தப்பு அவர்களுடையது இல்லை.

தடை 28-ஆம் தேதி அமலுக்கு வந்தது. நான் யோசிக்காதது, அந்த எண்ணெய் எங்கே போகும் என்பதை. எங்கேயும் போகாது, தொட்டியில்தான் கிடக்கும். தொட்டி நிறைந்ததும் அங்கே ஆலைகள் குலை வாங்குவதைக் குறைத்தன, சிறு தோட்டக்காரர்கள் ஜகார்த்தாவில் தெருவில் இறங்கினார்கள், மே 23-ஆம் தேதி தடை நீங்கியது. தேங்கிக் கிடந்தது மொத்தமும் சந்தைக்கு வந்தது. சரக்கை வேகமாக வெளியே தள்ள ஜூலையில் ஏற்றுமதிக் கட்டணத்தையும் தற்காலிகமாக எடுத்துவிட்டார்கள். ஜூலை நடுவில் இங்கே விலை 4,000-க்குக் கீழே.

"அந்த ஆண்டு தோட்டக் கம்பெனிகள் நல்ல லாபம் காட்டினவே, நீ என்ன புலம்புகிறாய்" என்று யாராவது நிச்சயம் எழுதுவார்கள். ஆமாம், காட்டின. எனக்கும் கொஞ்சம் ஈவுத்தொகை வந்தது. ஆனால் நான் வாங்கிய நாளிலேயே அந்த லாபம் பங்கு விலையில் ஏறியிருந்தது. எனக்கு முன்னால் வாங்கினவர்களுக்குத்தான் அது லாபம், நான் அவர்களிடமிருந்து வாங்கினவன். கம்பெனி லாபம் காட்டிய அதே மாதங்களில் என் பங்கு இறங்கிக்கொண்டிருந்தது.

செப்டம்பரில் அப்பாவுக்குக் கண் அறுவை சிகிச்சை. அரசாங்க மருத்துவமனையில் முறை வரக் காத்திருக்க மனமில்லாமல் தனியாரில் ஏற்பாடு செய்தேன், அதற்குப் பங்கை விற்க வேண்டியதாகிவிட்டது. 10,000 போட்டு 7,100 எடுத்தேன். அதே பணத்தை இபிஎஃபிலேயே விட்டிருந்தால் 2023-இல் 5.50, 2024-இல் 6.30 விழுக்காடு, இரண்டே ஆண்டில் 1,200 ரிங்கிட்டுக்கு மேல் சேர்ந்திருக்கும். "தங்கம் வாங்கியிருக்கலாமே" என்று என் மனைவி அப்போதே சொன்னாள், அவள் சொன்னதும் சரிதான், அதற்கு மேல் அந்தப் பேச்சு வேண்டாம்.

நிலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தோட்டப் பங்கு வாங்கச் சொல்கிறவர்கள் எல்லோரும், "எண்ணெய் விழுந்தாலும் நிலம் இருக்கிறதே, இன்றைக்குத் தோட்டம், நாளைக்கு வீட்டுமனை" என்பார்கள். கணக்குப்படி அது சரி. 2014-இல் பினாங்குத் தீவுக்கு இரண்டாவது பாலம் திறந்த பிறகு பெருநிலத்தில் நில விலை எப்படிப் போனது என்று நான் தினமும் அந்தப் பாலத்தில் போய் வந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் அந்த நிலத்தில் குடியிருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று ஒரு அறிக்கையிலும் இருக்காது. எங்கள் தோட்டம் விற்கப்பட்டபோது லயத்தைக் காலி செய்ய நோட்டீஸ் வந்தது, கொஞ்சம் பணம் கொடுத்தார்கள், கோயிலை ஓரமாக நகர்த்தினார்கள். இப்போது அங்கே வரிசை வீடுகள். அம்மா முருங்கை வைத்திருந்த இடத்தில் காவலாளிக் கொட்டகை நிற்கிறது. தலைமுறையாக அங்கேயே உழைத்தவர்களில் ஒருவர்கூட அதில் ஒரு வீடு வாங்க முடியவில்லை. 1960-இல், அப்போது அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் பத்துப் பத்து வெள்ளியாக (அன்றைய டாலர்) தொழிலாளர்களிடம் சேர்த்து, நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் மூலம் தோட்டங்களை வாங்க வைத்தார் என்று அப்பா சொல்லும்போதெல்லாம் குரல் மாறும். எங்கள் தோட்டத்துக்கு அந்தப் பாக்கியம் இல்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் கம்பெனி கையிலிருக்கும் நிலத்துக்கு "நில வங்கி" என்ற சொல்லை யாராவது சந்தோஷமாகச் சொல்லும்போது எனக்கு வயிறு எரிகிறது.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். விலை ஏறிவிட்டது என்ற ஒரே காரணத்துக்காக வாங்காதீர்கள். முன்பேர வியாபாரத்தில் (பின்னால் வரும் மாதத்து எண்ணெய்க்கு இப்போதே விலை பேசுவது) போடலாம் என்று யாராவது இழுத்தால் போகவே போகாதீர்கள். ஒரு ஒப்பந்தம் 25 டன், விலை 100 ரிங்கிட் நகர்ந்தால் உங்கள் கணக்கில் 2,500 ரிங்கிட் நகரும், நம்மைப் போன்ற சம்பளக்காரர் தாங்க மாட்டார்.

பங்குதான் வேண்டுமென்றால், ஒவ்வொரு மாதமும் 10-ஆம் தேதி வாக்கில் மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியம் கையிருப்பு, உற்பத்திக் கணக்கை வெளியிடும், அதை ஆறு மாதமாவது தொடர்ந்து பாருங்கள். நான் இப்போது அதை அப்பாவுக்குப் போனில் வாசித்துக் காட்டுகிறேன். கண் நன்றாகத் தெரிகிறது, ஆனாலும் நான் வாசிக்க வேண்டும் என்பார். உற்பத்தி குறைந்திருந்தால் ஒன்றரை, இரண்டு வருடத்துக்கு முன்னால் மழை எப்படி இருந்தது என்று கேட்பார். செம்பனை காய்ந்த காலத்தை உடனே காட்டாது, பிந்தித்தான் காட்டும்.

அப்புறம் அந்தக் கம்பெனியின் ஆண்டறிக்கையில் மரங்களின் வயது இருக்கும். இருபத்தைந்து வயதைத் தொட்ட மரங்களே அதிகம் என்றால் குலை எட்டாத உயரத்தில் இருக்கும், விளைச்சலும் குறையும், சீக்கிரம் வெட்டி மறுநடவு செய்ய வேண்டும், கன்று காய்க்க மூன்று வருடம் பிடிக்கும். எந்தக் கம்பெனி, மரங்களுக்கு என்ன வயது என்று பார்த்துவிட்டுக் கீழே எழுதுங்கள். அப்பாவிடம் கேட்டுச் சொல்கிறேன்.