விமானியின் சம்பளம்: எந்த மணி கணக்கில் ஏறும்?

விமானிகளின் சம்பளம், நிர்வாகத்தோடு அவர்களுக்குள்ள இழுபறி பற்றி மலையகத்திலிருந்து வந்த கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

கொட்டகலை: அண்ணே, விமானிக்கு மாதச் சம்பளமா, மணிக்கணக்கா?

கொம்பனியைப் பொறுத்தது தம்பி. அமெரிக்காவில் பெரும்பாலும் மணிக்கணக்கு. பறப்பு குறைந்த மாதத்திலும் 70, 75 மணி அளவுக்குச் சம்பளம் உறுதி என்று ஒப்பந்தத்தில் எழுதியிருப்பார்கள். ஆசியாவில் பல கொம்பனிகளில் அடிப்படைச் சம்பளம், அதன்மேல் பறப்புப் படி, வெளிநாட்டில் தங்கினால் சாப்பாட்டுப் படி.

எந்த முறையானாலும், மணி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பாருங்கள். விமானம் நிறுத்துமிடத்தை விட்டு அசைந்ததிலிருந்து, போய்ச் சேர்ந்து நிற்கும் வரைதான் 'பிளொக்' நேரம். காலை 5.00க்கு வேலைக்கு வருகிறார். வானிலை, எரிபொருள் பார்த்து, விமானத்தைச் சுற்றிப் பரிசோதித்து 6.00க்குக் கிளம்புகிறார். 9.30க்கு இறங்கி மூன்று மணி நேரம் காத்திருந்து, 12.30க்குத் திரும்பக் கிளம்பி 16.00க்கு வந்து சேர்கிறார். கையெழுத்துப் போட்டு வெளியேற 16.30. வேலையில் இருந்தது பதினொன்றரை மணி, பிளொக் கணக்கு ஏழே மணி. தேயிலைத் தோட்டத்தில் நிறுவைக்கு வரிசையில் நிற்கிற நேரத்தில் கொழுந்து ஒரு கிலோவும் கூடாது அல்லவா, அது மாதிரி.

இதற்காகத்தான் சங்கங்கள் 'டியூட்டி ரிக்' கேட்கின்றன. வேலையில் இருந்த ஒவ்வொரு இரண்டு மணிக்கும் குறைந்தது ஒரு மணிச் சம்பளம் என்பது அதன் வழக்கமான வடிவம். பனிமூட்டத்தில் மாட்டி, எட்டரை மணி நேரம் வேலையில் இருந்தும் ஒரு மணி நேரமே பறந்தவருக்கு, ரிக் இருந்தால் நாலேகால் மணிச் சம்பளம் கிடைக்கும். இல்லாவிட்டால் ஒரு மணிக்குத்தான். காலதாமதத்துக்குக் கொம்பனியும் விலை கொடுக்கவேண்டி வருவதால் ரோஸ்டரையும், அதாவது யார் எப்போது பறப்பது என்ற வேலைப் பட்டியலையும், ஒழுங்காகப் போடுவார்கள். மணிக்கு இத்தனை டொலர் என்ற பெரிய எண்ணை விட இந்த ஒரு வரிக்கு நான் மதிப்புக் கொடுப்பேன்.

ஹட்டன்: மேலதிகக் கிலோவுக்குக் கைக்காசு வாங்குவது போல, கூடப் பறந்து கூடச் சம்பாதிக்க முடியாதா?

ஓரளவுதான். ஐரோப்பிய விதிப்படி 28 நாளில் 100 மணி, ஒரு நாட்காட்டி ஆண்டில் 900 மணி, தொடர்ந்த 12 மாதத்தில் 1,000 மணி, அதற்கு மேல் பறக்கக்கூடாது. இது கடைசி வேலி. ஆனால் ஆள் போதாத கொம்பனி அந்த வேலியை ஒட்டியே ரோஸ்டர் போடும். லீவு நாளில் கூப்பிட்டு, கூடுதல் விகிதத்தில் பணம் கொடுத்து ஓட்டும். விமானிகள் "லீவு நாளில் வரமாட்டோம்" என்றால் போதும், வேலைநிறுத்தம் இல்லாமலே நேர அட்டவணை சரிந்துவிடும். அப்போது "விமானிகளின் பிடிவாதம்" என்று செய்தி வரும். ஆள் எடுக்காத குறை வெளியே தெரியாது.

களைப்போடு பறக்கக்கூடாது என்பது விமானியின் கடமை. களைப்பென்று சொன்ன நாளைச் சுகயீன விடுமுறையில் கழித்தால், அடுத்த முறை யாரும் உண்மை சொல்லமாட்டார்கள். அது பயணிகளின் உயிரோடு சம்பந்தப்பட்ட விஷயம். கழிக்கக்கூடாது என்று ஒப்பந்தத்திலேயே இருக்கவேண்டும்.

மஸ்கெலியா: அடிப்படை கூடினால் என்ன, படி கூடினால் என்ன? கைக்கு வருவது ஒன்றுதானே?

ஒன்றல்ல அக்கா. 2016 தோட்டக் கூட்டு ஒப்பந்தத்தை நினைத்துப் பாருங்கள். நாட்சம்பளம் 730 ரூபாய் என்றார்கள். அதில் அடிப்படை 500தான். வரவுக்கு 60, உற்பத்திக்கு 140, விலைப் பங்கு 30. வேலை நாள் குறைந்தால் 60 போகும், நிறை குறைந்தால் 140 போகும். விமானிக்கும் இதே கதைதான். நோயில் படுத்தால், பயிற்சிக்குப் போனால், 2020இல் போல விமானங்கள் தரையில் நின்றால், முதலில் மறைவது பறப்புப் படி. சேமலாப நிதிக்கு முதலாளி 12, தொழிலாளி 8 சதவீதம் போடுவது எந்தத் தொகையின் மேல் என்பதையும் ஒப்பந்தம் பேசும்போதே கேளுங்கள்.

நுவரெலியா: வேலைநிறுத்தம் செய்தால் நிர்வாகம் பணியாதா?

பணிந்ததும் உண்டு, சங்கம் உடைந்ததும் உண்டு. 1989இல் அவுஸ்திரேலிய உள்நாட்டு விமானிகள் ஏறத்தாழ 30 சதவீத உயர்வு கேட்டு, காலை 9 முதல் மாலை 5 வரைதான் பறப்போம் என்றார்கள். வழக்குக்கு அஞ்சிக் கூட்டாக இராஜினாமாவும் செய்தார்கள். அரசாங்கம் விமானப் படை விமானங்களை இறக்கியது, கொம்பனிகள் வெளியாட்களை எடுத்தன. இராஜினாமா செய்தவரைத் திரும்ப எடுக்கவேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. பலர் பழைய வேலைக்குத் திரும்பவே இல்லை. கோரிக்கையை விட, போராடிய முறைதான் அவர்களைத் தோற்கடித்தது என்பது என் எண்ணம்.

இலங்கையில் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின் 1999ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, தொழிலாளரில் 40 சதவீதம் பேர் சேர்ந்த சங்கத்தோடு பேச முதலாளி மறுக்கக்கூடாது. அந்த எண்ணிக்கையை முதலில் உறுதிப்படுத்துவது நல்லது.

பதுளை: சம்பளம் பிடிக்காவிட்டால் வேறு கொம்பனிக்கு மாறலாமே?

பெரும்பாலான கொம்பனிகளில் சேர்ந்த திகதிப்படி ஒரு வரிசை எண் உண்டு. கெப்டன் பதவி, விமான வகை, லீவு எல்லாம் அந்த எண்ணின்படிதான். மாறினால் பல இடங்களில் கடைசி எண்ணிலிருந்து தொடங்கவேண்டும். அனுபவமுள்ளவரை நேரே கெப்டனாக எடுக்கும் கொம்பனிகளும் வளைகுடாவில் இருக்கின்றன. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தாண்டியபோது, ரூபாயில் சம்பளம் வாங்கியவருக்கு அந்தப் பக்கம் கண் போனதில் தவறில்லை.

போகுமுன் பயிற்சிப் பிணையைப் பாருங்கள் தங்கச்சி. ஒரு விமான வகைக்கான பயிற்சிச் செலவைக் கொம்பனி ஏற்றால், சில ஆண்டுகளுக்குள் விலகினால் திருப்பிக் கட்டு என்று எழுதி வாங்கும். வேலை செய்த ஒவ்வொரு மாதத்துக்கும் அந்தத் தொகை குறைகிறதா, அல்லது கடைசி மாதத்தில் விலகினாலும் முழுவதையும் கேட்பார்களா? கொம்பனியே ஆட்குறைப்புச் செய்தால் பிணை ரத்தாகுமா? இந்த இரண்டுக்கும் எழுத்தில் பதில் வந்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.