ஆசீர்வாதப்பர் சபைத் துறவு மடங்கள் பிரெஞ்சுப் புரட்சியோடு முடிந்துவிட்டனவா?

தேர்வுக்குப் படிப்பவர் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார் என்று எண்ணுகிறேன். புனித ஆசீர்வாதப்பர் (பெனடிக்ட்) எழுதிய விதிநூலின்படி வாழும் கத்தோலிக்கத் துறவிகளின் சபை இது. பாடநூல்களில் இதன் வரலாறு பெரும்பாலும் பிரான்சில் இடைக்காலத்தில் புகழ்பெற்றிருந்த க்ளூனி மடத்தின் பெருமையோடு நின்றுவிடும். நான் கத்தோலிக்கன் அல்லன். பிரெஞ்சுப் புரட்சியைக் குறைகூறவும் வரவில்லை. புரட்சிக்கு முந்தைய காலம், மடங்களில் வாழாமலேயே அவற்றின் வருமானத்தைப் பெற்றுக்கொண்ட, அரசர் நியமித்த தலைவர்கள் இருந்த காலம் என்பதையும் அறிவேன்.

1790 பிப்ரவரி 13 அன்று பிரான்சில் துறவு வாக்குறுதிகள் சட்டப்படி ஒழிக்கப்பட்டன. க்ளூனிப் பேராலயம் 1798இல் விற்கப்பட்டு, கட்டடக் கல்லுக்காகப் பெயர்த்தெடுக்கப்பட்டது. 1803இல் ஜெர்மனியின் மடங்களும் அரசுடைமையாயின. ஆகவே முடிந்துவிட்டது என்பது ஒருவகையில் உண்மைதான். ஆனால் 1833 ஜூலை 11 அன்று பிரோஸ்பே கெராஞ்சே என்னும் இருபத்தெட்டு வயதுக் குரு, தாம் பிறந்த சாப்லே ஊருக்கு அருகில், சார்த் ஆற்றங்கரையில் பாழடைந்திருந்த சொலேம் மடத்தில் சில தோழர்களுடன் குடியேறினார். அவர்களுள் எவரும் அதற்குமுன் துறவியாக வாழ்ந்தவர் அல்லர். விதிநூலைப் படித்தே அந்த வாழ்வைக் கற்றுக்கொண்டார்கள். கெராஞ்சே துறவு வாக்குறுதி கொடுத்ததே 1837இல், ரோமில்தான். பாடும் முறையும் வழக்கொழிந்திருந்ததால், அவருடைய துறவிகள் ஐரோப்பிய நூலகங்களின் பழைய ஏடுகளை ஒப்பிட்டுக் கிரெகோரியன் இசை என்னும் பழைய லத்தீன் வழிபாட்டுப் பாடல்முறையை மீட்டார்கள். 1889 முதல் அந்த ஏடுகளை ஒளிப்படங்களாகவே அச்சிட்டார்கள்.

லெ மான் நகரில் வேலை பார்த்தபோது சொலேமில் ஐந்து நாள் விருந்தினனாகத் தங்கினேன். முதல் நாள் உணவறை வாயிலில் மடத்தலைவர் செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றி என் கைகளைக் கழுவினார். அருகில் நின்ற துறவி துண்டை நீட்டினார். விருந்தினர் கைகளுக்கு மடத்தலைவரே நீர் வார்க்க வேண்டும் என்று விதிநூலின் 53ஆம் அதிகாரம் சொல்கிறது. முன்பின் தெரியாத, வேற்று மதத்தவனான என் விரல்களில் அந்தக் குளிர்ந்த நீர் விழுந்தபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. உண்ணும்போது ஒருவர் மட்டும் நூல் வாசிக்க, மற்றவர்கள் பேசவில்லை. உப்பு வேண்டுமென்று நான் கேட்பதற்கு முன்பே எதிரில் இருந்தவர் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினார். இதை அருங்காட்சியகத்தில் எஞ்சியிருக்கும் பழம்பொருள் என்று என்னால் சொல்ல இயலாது. 1901இல் துறவு சபைகளைக் கட்டுப்படுத்திய புதிய பிரெஞ்சுச் சட்டத்தால் இங்கிலாந்தின் வைட் தீவுக்குப் போய், 1922இல்தான் திரும்பிவந்த மடம் அது.

இதைப் பற்றி நான் எழுதியனுப்பிய கட்டுரையில், 1790க்குப் பிந்தைய பகுதி முழுவதையும் ஓர் இதழாசிரியர் என்னிடம் கேளாமலே நீக்கிவிட்டார். அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை. நான் குளித்தலைக்காரன். சொலேம் துறவிகள் 1897இல் பிரான்சின் மேற்கிலுள்ள பிரித்தானிப் பகுதியில் நிறுவிய கெர்கொனான் மடத்திலிருந்து 1948இல் புறப்பட்டு வந்த ஹென்றி லெ சோ என்பவர்தான், ஜூல் மோன்ஷானேன் என்னும் குருவுடன் சேர்ந்து, 1950இல் எங்கள் ஊருக்கு அருகில் தண்ணீர்ப்பள்ளியில், காவிரிக்கரையில் சாந்திவனம் ஆசிரமத்தைத் தொடங்கினார். அந்தப் பத்தியும் நீக்கப்பட்டவற்றுள் ஒன்று என்பதால் இங்கே எழுதிவைக்கிறேன்.