யாரையும் பிடிக்காத சட்டம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆஸ்திரேலியாவின் டாஸ்மானியா மாநிலத்தில் தன்பாலீர்ப்பைக் குற்றமாக்கிய சட்டம் 1997 வரை இருந்தது என்று எழுதியிருந்தீர்கள். ஆனால் அதன்படி பல ஆண்டுகளாக வழக்கே பதியவில்லையாம். ஏட்டளவில் கிடந்த சட்டத்துக்காக ஒரு உள்ளூர்க் குழு ஐ.நா. வரை போனது ஏன்?

செந்தில்

அன்புள்ள செந்தில்,

வழக்கே போடாத சட்டத்தை எதிர்ப்பதுதான் கடினம். தண்டனை பெற்றவர் மேல்முறையீடு செய்யலாம். மற்றவர் போனால், “உனக்கு என்ன பாதிப்பு?” என்று கேட்பார்கள். டாஸ்மானியக் குழுவின் உழைப்பில் பாதி இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டுவதிலேயே போனது.

அந்தச் சட்டம் சும்மாவும் கிடக்கவில்லை. 1988இல் ஹோபார்ட் நகரின் சலமாங்கா சனிக்கிழமைச் சந்தையில், சட்டத்தை நீக்கக் கோரி மேசை போட்டுக் கையெழுத்து வாங்கினார்கள். நகராட்சி தடை விதித்தது. மீறி வந்தவர்களை அத்துமீறி நுழைந்ததாகப் போலீஸ் பிடித்தது. சில வாரங்களில் 130 கைதுகள். குற்றவாளி என்று சட்டமே சொல்லிவிட்ட பிறகு, ஒருவரைச் சந்தையிலிருந்து துரத்துவது எளிது. டிசம்பரில் தடை விலகியது. நகராட்சி மன்னிப்புக் கேட்க 2008 ஆனது.

தனிமனிதர் ஐ.நா. மனித உரிமைக் குழுவிடம் முறையிடும் வழி ஆஸ்திரேலியர்களுக்கு 1991 டிசம்பர் 25 அன்றுதான் கிடைத்தது. அன்றைய தேதியிலேயே குழுவைச் சேர்ந்த நிக் டூனனின் புகார் தயார். இந்த முன்தயாரிப்பைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். 1994 மார்ச் 31 அன்று வந்த முடிவு உங்கள் கேள்விக்கே பதில்: இதுவரை வழக்குப் போடவில்லை என்பது இனியும் போடமாட்டார்கள் என்பதற்கு உத்தரவாதமல்ல, சட்டம் இருப்பதே அந்தரங்கத்தில் தலையீடு.

ஆனால் ஐ.நா. குழுவால் சட்டத்தை ரத்து செய்ய முடியாது. டாஸ்மானியா அசையவில்லை. வயதுவந்தோர் சம்மதத்துடன் தனிமையில் கொள்ளும் உறவில் தலையிடக்கூடாது என்று மத்திய அரசு அந்த ஆண்டே சட்டம் போட்டது. மாநிலச் சட்டம் செல்லாமல் போக, இரண்டு சட்டங்களும் முரண்படுகின்றன என்று நாட்டின் உச்ச நீதிமன்றம் சொல்லவேண்டும். அங்கும் அதே முட்டுக்கட்டை. டூனனும் அவருடைய துணைவர் ரோட்னி க்ரூமும் தங்கள் உறவைப் பற்றிப் போலீசில் தாங்களே வாக்குமூலம் கொடுத்திருந்தார்கள். அரசுத் தரப்பு வழக்குத் தொடர மறுத்துவிட்டது. இருந்தும் அவர்களுக்கு வழக்காட உரிமை உண்டு என்று 1997 பிப்ரவரியில் நீதிமன்றம் சொன்னது. முரண்பாடு பற்றித் தீர்ப்பு வருமுன், மே மாதத்தில் டாஸ்மானியாவே சட்டத்தை நீக்கிவிட்டது.

இந்தியாவில் தன்பாலுறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவு வழக்கில், வயதுவந்தோரின் சம்மத உறவு குற்றமல்ல என்று 2009இல் தீர்ப்பளித்த டெல்லி உயர் நீதிமன்றம் டூனன் முடிவை மேற்கோள் காட்டியது. 2013இல் நம் உச்ச நீதிமன்றம் அந்த உயர் நீதிமன்றத் தீர்ப்பைப் புரட்டிப்போட்டபோது சொன்ன காரணங்களில் ஒன்று, 150 ஆண்டுகளில் 200 பேர்மீதுகூட வழக்கில்லை என்பது. அந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு விழ 2018 வரை காத்திருந்தோம்.